ஏழு நாள் சாப்பாடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கேள்விகளோடு இன்னொருவர் வீட்டுப் படலையில் போய் நின்றால் அந்தக் கோபம் எங்கே போகிறதோ தெரியாது. நாய் கடிக்க வந்தாலும், "திரும்பவும் என்னத்துக்கு வந்தனீங்கள்" என்று முகத்துக்கு நேரே கேட்டாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஆறு வருடமாக இதுதான் என் வேலை. எங்கள் வீடு நெளுக்குளத்தில். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, எங்கே கணக்கெடுப்பு நடந்தாலும் ஒப்பந்தத்தில் கூப்பிடுவார்கள், போவேன். கிணறு எண்ணியிருக்கிறேன், மலசலகூடம் எண்ணியிருக்கிறேன், ஆடு மாடு கோழி எல்லாம் எண்ணியிருக்கிறேன். கடைசியாக எண்ணியது சனங்களின் சாப்பாட்டை. அதற்குப் பிறகு ஒன்றையும் எண்ணப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஒரு குடும்பத்துக்கு ஓர் அடி விழுகிறது. மழை பொய்க்கிறது, வெள்ளம் வருகிறது, உழைக்கிறவர் படுத்துவிடுகிறார். அப்போது அந்த வீட்டுச் சாப்பாடு எவ்வளவு குறைகிறது, எத்தனை நாளில் பழையபடி நிமிர்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக ஒரே வீட்டுக்கு இரண்டு தரம் போவோம். முதல் தரம் அளந்துவிட்டு, நாலு மாதம் கழித்து அதே வீட்டை அதே கேள்விகளால் திரும்பவும் அளப்போம். பயிற்சியில் இதற்குத் தாங்குதிறன் என்று பெயர் சொன்னார்கள். நல்ல சொல்தான். ஆனால் ஒரு வாசலிலும் நான் அதைச் சொன்னதில்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பார்க்க வந்திருக்கிறோம் என்றுதான் சொல்வேன். சனங்களுக்கு அது விளங்கும்.

முக்கியமான கேள்வி ஏழு நாள் சாப்பாடு. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் சோறு, எத்தனை நாள் பருப்பு, மரக்கறி எத்தனை நாள், மீன், முட்டை, பால் எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டப் என்கிற கைக்கணினியில் அழுத்திக்கொண்டு போனால் கடைசியில் அதுவே கூட்டிப் புள்ளி போடும். முதல் சுற்றில் புள்ளி குறைந்த வீடுகளுக்கு ஆறு மாதம் அரிசியும் பருப்பும், சின்னப் பிள்ளைகளுக்குச் சத்துமாவும் கொடுப்பதாக ஏற்பாடு. ஆகவே நான் அழுத்துகிற ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மூட்டை அரிசி இருந்தது. அது எனக்குத் தெரியும், சனங்களுக்கும் தெரியும். சிலர் இல்லாத பட்டினியைச் சொல்வார்கள். நான் மெல்லக் குசினி அடுப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். பொய் எழுதுவதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்தது பூநகரிக் கரையோரம். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். நடுவில் நடைதான். களப்புக் காற்றில் வாயெல்லாம் உப்புக் கரிக்கும். ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிக்க வேண்டும். அன்று மத்தியானத்துக்குள் நாலு வீட்டை முடித்துவிட்டு ஐந்தாவது வீட்டுக்குப் போனபோது, படலையில் கட்டியிருந்த குருத்தோலை காய்ந்து தொங்கியது. முற்றத்தில் தறப்பாள் பந்தல் இன்னும் கழற்றப்படவில்லை. இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. செத்தவீடு. முந்தின நாள்தான் எட்டாம் நாள் சடங்கு முடிந்திருக்கிறது.

இதற்கு எங்களுக்கு ஒரு விதி உண்டு. சாவு நடந்து ஒரு மாதம் ஆகாத வீட்டை எடுக்கக்கூடாது. அதை விட்டுவிட்டுப் பட்டியலில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். விட்ட வீட்டைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு மாதம் கழித்து வேறு ஆட்கள் வந்து பார்ப்பார்கள். நல்ல விதி. அதைப் போட்டவருக்கு எங்கள் பக்கத்துச் செத்தவீடு தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியன்று அந்த விதியை நான் கொப்பியில் எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

அந்த வீட்டு அக்கா வெளியே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒன்றரை வயது மகன், பின்னால் எட்டு வயது மகள். நான் விஷயத்தைச் சொல்லி, இப்போது உங்களைக் கரைச்சல்படுத்தக்கூடாது அக்கா, ஒரு மாதம் கழித்து ஆட்கள் வருவார்கள் என்றேன். அவர் என் கையிலிருந்த டப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போன வருசமும் வந்தவை, தங்கச்சி. இவர் இருக்கிறார், உழைக்கிறார் எண்டு எங்களை விட்டிட்டினம். இப்ப இவர் இல்லையெண்டு விடப்போறியளோ?"

அவர் அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. உள்ளதை உள்ளபடி கேட்டார்.  பிறகு வருவார்கள் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஏன் நம்ப வேண்டும்? அந்தக் கரையில் எத்தனை பேர் எத்தனை தரம் பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நானே எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன். விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று நினைத்துக்கொண்டு அடுக்கிலிருந்து ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். எழுதுகிறேன் அக்கா, நீங்களும் இருங்கோ என்றேன். மற்றவர்களெல்லாம் விட்டுவிட்டுப் போக, நான் ஒருத்தி எழுதுகிறேனே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு.

புருஷன் களப்பில் இறால் பிடிக்கிறவர். விடிய வந்து, நெஞ்சு நோகிறது என்று படுத்தவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் பிடித்து வரமுதல் எல்லாம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அக்கா மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டதைக் கழற்றித் திரும்பவும் போட்டார்.

பிறகு ஏழு நாள் சாப்பாட்டுக்கு வந்தேன். அந்தக் கரையில் ஒரு வழக்கம். செத்தவீட்டில் எட்டு முடியும்வரை அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். அயல் வீடுகள் முறைவைத்துச் சோறு கொண்டுவரும். வெறும் சோறும் குழம்பும் இல்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இறங்காது என்று நாலு கறி வைத்துக் கொண்டுவருவார்கள். தங்கள் வீட்டில் அன்றைக்குச் சம்பலோடு சமாளித்தாலும் செத்தவீட்டுக்குப் போகிற சட்டியில் பருப்பு இருக்கும், பூசணிக்காய் இருக்கும், கீரை இருக்கும். வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றவென்று யாரோ பால்மாவும் வாங்கிக் கொடுப்பார்கள். எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். இவருக்குக் கணவாயும் நண்டும் அவித்த முட்டையும் படைத்திருக்கிறார்கள். எல்லாம் அயலவர் செலவு.

அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவும் இல்லை. ஒவ்வொரு நாளையும் யார் வீட்டுச் சோறு என்பதை வைத்தே நினைவுபடுத்தினார். திங்கள் கடைக்கார வீடு, செவ்வாய் ஆலடி வீடு, புதன் ரீச்சர் வீடு. பருப்பு எத்தனை நாள்? ஏழு நாளும். மரக்கறி? ஏழு நாளும். பால்? தேத்தண்ணிக்குப் போட்டது, ஏழு நாளும். நான் அழுத்த அழுத்த எண் ஏறிக்கொண்டே போனது. புள்ளி எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. கையை நிறுத்திவிட்டு, இது வழக்கமான சாப்பாடு இல்லைத்தானே அக்கா, அவர் இருந்த காலத்தில் சாப்பிட்டதைச் சொல்லுங்கோவன் என்று சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அப்படிக் கேட்பதும் விதிக்குப் பிழை. அவர் தலையை ஆட்டினார்.

"நீங்கள் ஏழு நாள் எண்டுதானே கேட்டனீங்கள். சாப்பிடேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அதுகள் தங்கட பிள்ளையளுக்குக் குறைச்சுப்போட்டுக் கொண்டந்து தந்ததுகள்."

அதற்குமேல் என்ன கேட்பது? எனக்கு அவர் சொன்னது நன்றாக விளங்கியது. நான் அந்தக் கதிரையில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கைநிறைய வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பந்தலும் கழற்றமுதல், வெளியாளிடம் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் வராது. சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு அயலவர் கொடுத்தது என்று அழுத்தினேன். அது புள்ளியில் சேராது. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் அக்கா என்று கேட்டேன். அது கேள்வியில் இல்லை, நானாகக் கேட்டது. தனக்கு ஒன்றும் இறங்கவில்லை, பிள்ளைகள்தான் சாப்பிட்டார்கள் என்றார். ஏழு நாளும் நாலு கறி வந்த வீட்டில் அந்த மனிஷி தேத்தண்ணியோடு இருந்திருக்கிறார். எங்களுக்கு வீடு சாப்பிட்டதா என்பதுதான் கணக்கு.

மகனின் மேல்கையை, பிள்ளைகளின் மெலிவைக் காட்டுகிற நிறப்பட்டியால் அளந்தேன். பச்சை என்றால் சுகம், மஞ்சள் என்றால் மெலிவு, சிவப்பு என்றால் உயிருக்கே ஆபத்து. இவனுக்கு வந்தது பச்சை. மட்டுமட்டான பச்சைதான், என்றாலும் பச்சை. டப் புள்ளியைக் கூட்டிப் போதுமானது என்று காட்டியது. அந்த நாளில் நான் எழுதிய ஆறு வீட்டில் அதிகப் புள்ளி அந்தச் செத்தவீட்டுக்குத்தான். அழித்துவிட்டுத் தனித்தாளில் எழுதியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் எழுதுகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியாயிற்று, அவர் நம்பியாயிற்று. நாலு மணி பஸ்ஸும் போய்விடும். பொய் எழுதுகிறவள் நான் இல்லையே என்று அனுப்புகிற இடத்தில் விரலை வைத்தேன். வெளிக்கிடும்போது அக்கா படலைவரை வந்து, பேர் வரும்தானே தங்கச்சி என்று கேட்டார். வரவேண்டும் அக்கா என்றேன்.

வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கிராம சேவையாளர் அலுவலகத்தில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். அக்கா யாருடைய போனிலிருந்தோ எடுத்தார். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தன்னுடைய பேரை எழுத்துப் பிழையாக எழுதினேனோ, அதனால் விடுபட்டதோ என்று கேட்டார். பார்க்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு எங்கள் மேற்பார்வையாளரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு மேலே ஆட்கள். செத்தவீட்டை ஏன் எடுத்தாய் என்று கேட்டார். அதை விட்டுவிட்டு, இப்போது திருத்த ஏலுமோ என்று கேட்டேன். எல்லாம் கொழும்புக்குப் போய்ப் பூட்டியாகிவிட்டது, இனி ஒன்றையும் மாற்ற ஏலாது, இரண்டாவது சுற்றில் பார்ப்போம் என்றார். நான் அவரோடு நாலு நாள் கதைக்கவில்லை. அவர் என்ன பிழை செய்தார், பாவம்.

அதே நேரத்தில் நான் விதிப்படி விட்டுவந்த இன்னொரு செத்தவீடும் இருந்தது. பூநகரி முடிந்த பிறகு என்னை அனுப்பிய அக்கராயன் பக்கத்தில் ஒரு தகப்பனும் மூன்று பிள்ளைகளும். அங்கே என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்து ஆட்கள் போய்ப் பார்த்து, அந்த வீட்டின் பேர் பட்டியலில் ஏறிவிட்டது. நான் இரக்கப்படாத வீட்டுக்கு அரிசி போனது. இதை யாரிடம் சொல்லி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவ எழும்பிப் போய் உடுப்புக் காயப் போட்டா.

நாலு மாதம் கழித்து இரண்டாவது சுற்று. அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்புங்கோ என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நானே போனேன். பஸ்ஸால் இறங்கி நடக்கும்போது, அக்கா வீட்டில் இல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைத்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். இருந்தார். நன்றாகக் கறுத்து, கழுத்தெலும்பு தெரிய இருந்தார். விடிய இறால் தோல் உரிக்கிற இடத்துக்குப் போய்வருகிறாராம். வேலை கிழமைக்கு மூன்று நாளோ நாலு நாளோதான். அந்த நாட்களில் மகள் பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைப் பார்க்கிறாள். தம்பிக்கு ஒரு கிழமையாக வயிற்றாலே போய் இப்போதுதான் நின்றிருக்கிறது. அயலவர் கைவிட்டுவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். பார்க்கிறார்கள்தான். ஆனால் எட்டுவரை சோறு கொடுக்க ஒரு முறை உண்டு, அதற்குப் பிந்தின நாட்களுக்கு ஒரு முறையும் இல்லை. அவரவர் வீட்டிலும் பானை அரைவாசிதான்.

அதே ஏழு நாள் சாப்பாடு. சோறு ஏழு நாளும், ஒருநேரம். பருப்பு ஒரு நாள். மரக்கறி என்றால் வேலியில் நின்ற முருங்கையிலை, இரண்டு நாள். மீன் இல்லை. நாளெல்லாம் இறால் உரிக்கிற கை, வீட்டில் ஓர் இறால் இல்லை. முட்டை இல்லை, பால் இல்லை. தேத்தண்ணி வெறும் தேத்தண்ணி. புள்ளி விழுந்து கிடந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த விசர்க் கேள்வி. போன தரம் வந்ததற்குப் பிறகு இந்த வீட்டுக்கு ஏதாவது அடி விழுந்ததா? வெள்ளம்? இல்லை. வரட்சி? இல்லை. குடும்பத்தில் சாவு?

அக்கா யோசித்தார்.

"நீங்கள் வந்து போனதுக்குப் பிறகோ? இல்லைத் தங்கச்சி. அது முதலே நடந்ததுதானே."

நான் இல்லை என்று அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று முழுக்க விளங்கியது. கொழும்பில் இருந்து பார்க்கிறவருக்கு இந்த வீடு எப்படித் தெரியும்? நாலு மாதத்துக்கு முதல் நன்றாகச் சாப்பிட்ட வீடு. ஓர் அடியும் விழவில்லை. சும்மா இருந்தபடியே சரிந்துவிட்டது. தாங்குதிறன் இல்லாத குடும்பம். முதல் சுற்றில் சாவைப் பற்றிக் கேள்வியே இல்லை, ஆகவே புருஷன் செத்தது எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டு தரமும் நான் உண்மையைத்தான் எழுதினேன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. டப்பைத் தூக்கி முற்றத்தில் எறிந்தால் என்ன என்று வந்தது. எறியவில்லை. மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். வேலைக்கு வந்த இடத்தில், அந்த மனிஷிக்கு முன்னால், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விதியைச் சொன்னேன். அன்றைக்கு எழுதாமல் போயிருந்தால் உங்கள் பேர் வந்திருக்கும் அக்கா, நான் எழுதினபடியால்தான் வரவில்லை என்றேன்.  மகன் தரையில் படுத்து நகராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். போன தரம் என் பையைப் பறித்து இழுத்த பிள்ளை.

"நான்தானே எழுதச் சொன்னனான்," என்றார் அக்கா. "நீங்கள் என்ன செய்வியள்."

ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் திரும்ப ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். நிறப்பட்டியை எடுத்தேன். அப்போது எனக்கு அந்த எண்ணம் வந்தது. மேல்கையில் சுற்றுகிற பட்டியைச் சதையோடு பொருந்தப் பிடிக்க வேண்டும், இறுக்கக்கூடாது. கொஞ்சம் இறுக்கினால் அளவு குறைந்துவிடும். மஞ்சளாக நிற்கிற கை சிவப்பாகும். சிவப்பு வந்த பிள்ளையின் வீட்டைப் புள்ளி கிள்ளி ஒன்றும் பாராமல் அன்றைக்கே பட்டியலில் சேர்க்க வேண்டும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது இந்த விரல்களுக்குத் தெரியும். அக்காவைப் பார்த்தேன். அவர் ஒன்றையும் அறியாமல் பிள்ளையின் சட்டைக் கையை மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு வருடப் பெருமை போனால் போகட்டும், இறுக்குவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

பட்டியைச் சுற்றி நுனியைத் துவாரத்துக்குள் விட்டேன். இழுக்கவில்லை, பொருந்த வைத்தேன், அவ்வளவுதான். சிவப்பில் நின்றது. தளர்த்தி எடுத்துத் திரும்பவும் வைத்துப் பார்த்தேன். சிவப்பு. இன்னும் தளர்த்தி மூன்றாம் தரமும் வைத்தேன். கடவுளே, மஞ்சளாவது வரட்டும் என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டு வைத்தேன்.

நான் திரும்பத் திரும்ப வைப்பதை அக்கா பார்த்துவிட்டார். குனிந்து பட்டியைப் பார்த்தார்.

"சிவப்பெண்டால் பேர் வருமோ, தங்கச்சி?"

"ஓம் அக்கா. வரும். இண்டைக்கே வரும்."

சிவப்பென்றால் வேறு என்ன என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் திறக்கமுதல் அவர் பெருமூச்சு விட்டார். அந்த இரண்டு தரத்திலும் அவர் முகத்தில் நான் சந்தோஷத்தைக் கண்டது அப்போது ஒருதரம்தான். திரும்பி, குசினி வாசலில் நின்ற மகளைக் கூப்பிட்டு, தம்பிக்குச் சிவப்பு வந்திட்டுது பிள்ளை, இனிப் பயமில்லை என்று சொன்னார்.